இரண்டு சம்பளம், ஒரே உடம்பு

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று ஊர்ப்புறத்தில் சொல்வார்கள். எதிலும் உறுதியாக நிற்காதவனைக் கேலி செய்யும் பேச்சு அது. ஆனால் இன்று இரண்டு இடத்தில் கால் வைத்து நிற்பவரைக் கேலி செய்ய யாருக்கும் மனம் வராது.

பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம்; மாலையில் டியூஷன் நிலையத்தில் பாடம். பகலில் ஜவுளிக்கடையில் கணக்கு. இரவில் மருந்துக்கடையில் கணக்கு. பகலில் ஆபீஸ் வேலை. இரவில் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் மூலம் வேறொரு கம்பெனிக்கு வேலை. இப்படிப்பட்டவர்கள் நகரத்தில் மட்டுமல்ல, சிற்றூர்களிலும் இருக்கிறார்கள்.

இது பேராசையா? சிலரிடம் அப்படியும் இருக்கலாம். பெரும்பாலோர் விஷயத்தில் வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், பெற்றோரின் வைத்தியச் செலவும்தான் இரண்டாவது உத்தியோகத்தைத் தேடித் தருகின்றன. ஒரு சம்பளத்தில் மாதம் முப்பது நாளும் ஓடினால், ராத்திரியில் யார்தான் வேலைக்குப் போவார்கள்?

ஆனால், இரண்டு வேலை பார்ப்பவருக்கு ஒரு விசித்திரமான கஷ்டம் உண்டு. அவருக்கு முதலாளிகள் இரண்டு பேர். ஒவ்வொருவரும், அவர் முழு மனிதராகத் தமக்கே கிடைத்துவிட்டதாக எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

சம்பளத்தை வருமான வரி இலாகா சேர்த்துப் பார்க்கிறது. ஒரு ரூபாய் விடாமல் பார்க்கிறது. வேலை நேரத்தையோ, நடைமுறையில் ஒருவருமே சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டு உத்தியோகத்தின் சிக்கலெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பூஜ்யமும் பூஜ்யமும்

முதலில் பணக் கணக்கு.

ஒரு தனியார் கல்லூரி ஆசிரியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லூரியில் மாதம் 70,000 ரூபாய் சம்பளம். மாலையில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் மாதம் 50,000 ரூபாய் சம்பளம். ஆண்டுக்கு முதல் இடத்தில் 8,40,000. இரண்டாவது இடத்தில் 6,00,000.

2025-26 நிதியாண்டில், புதிய வரி முறைப்படி சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. கழிவு போக மிஞ்சும் வருமானம் 12 லட்சத்துக்கு மேற்படாவிட்டால், தள்ளுபடி கிடைத்து வரியே இல்லாமற் போகும்.

கல்லூரிக் காசாளர் கணக்குப் போடுகிறார். 8,40,000-ல் 75,000 போனால் 7,65,000. வரி பூஜ்யம். பயிற்சி நிறுவனத்தின் காசாளரும் கணக்குப் போடுகிறார். 6,00,000-ல் 75,000 போனால் 5,25,000. அங்கும் வரி பூஜ்யம். இருவரும் பிடித்தம் செய்யாமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். ஆசிரியரும் சந்தோஷமாக வாங்கிச் செலவு செய்துவிடுகிறார்.

ஜூலை மாதம் வருகிறது. வரிக் கணக்கு தாக்கல் செய்ய உட்காருகிறார். மொத்தச் சம்பளம் 14,40,000. நிலையான கழிவு ஒரு மனிதருக்கு ஒரு தடவைதான். வேலைக்கு ஒரு தடவை அல்ல. எனவே வரிக்குரிய வருமானம் 13,65,000. 12 லட்சம் என்ற கோட்டை அது தாண்டிவிட்டதால் தள்ளுபடி போயிற்று. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவிகிதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவிகிதம், 40,000. மீதி 1,65,000-க்கு 15 சதவிகிதம், 24,750. ஆக 84,750. அதன்மேல் 4 சதவிகிதம் செஸ் சேர்ந்தால் 88,140 ரூபாய்!

பூஜ்யமும் பூஜ்யமும் சேர்ந்தால் பூஜ்யம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே அது 88,140 ஆகிவிட்டது.

அதோடு விட்டதா? இல்லை. ஆண்டு நடுவிலேயே முன்கூட்டிய வரி கட்டாததற்கு வட்டி உண்டு. ஜூலையில் கட்டுவதானால், இந்தக் கணக்கில் வட்டி மட்டும் சுமார் 8,000 ரூபாய் வரும்.

இதில் ஏமாற்றியவர் யார்? காசாளர் இருவரும் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள். ஆசிரியரும் ஒரு காசைக்கூட மறைக்க எண்ணவில்லை. வலது கைக்குத் தெரிந்தது இடது கைக்குத் தெரியாமற் போனதுதான் விபத்து.

ஒரு காகிதத்தில் தீரும் காரியம்

இந்த விபத்தைத் தவிர்க்க வழி இல்லாமலில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192-வது பிரிவே அதற்கு இடம் வைத்தது. ஒரே சமயத்தில் இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்பவர், தமக்கு இஷ்டமான ஒருவரிடம் மற்ற இடத்துச் சம்பள விவரத்தை எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தின் விதிகளில் அதற்கான தாளுக்கு 12பி படிவம் என்று பெயர். அது கைக்கு வந்ததும், அந்த முதலாளி இரண்டு சம்பளத்தையும் கூட்டி, மாதாமாதம் வரியைப் பிடித்துவிட வேண்டும். மேலே சொன்ன ஆசிரியர் ஏப்ரலிலேயே இதைச் செய்திருந்தால், மாதம் 7,345 ரூபாய் பிடித்தத்தோடு காரியம் முடிந்திருக்கும். வட்டியும் இல்லை, ஜூலையில் திகைப்பும் இல்லை.

2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து அமலாகும்படி இயற்றப்பட்டது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. எண் எதுவானாலும், இரண்டு சம்பளத்தையும் கூட்டித்தான் வரி என்ற அடிப்படை மாறவில்லை.

"இரண்டாவது வேலையை முதலாளியிடம் எப்படிச் சொல்வது?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. படிவத்தைக் கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொன்னது. கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. கொடுக்க விரும்பாதவர் தாமே முன்கூட்டிய வரி கட்டிவிடலாம். பிடித்தம் போக ஆண்டுக்கு 10,000 ரூபாயும் அதற்கு மேலும் வரி பாக்கி வருமானால் அப்படிக் கட்டுவது கடமையும் ஆகும். ஜூன் 15-க்குள் 15 சதவிகிதம், செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும் என்பது தவணை. இந்த நான்கு தேதிகளையும் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

இன்னும் சில விஷயங்களையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது இடத்தில் கிடைப்பது சம்பளம்தானா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல நிறுவனங்கள் அதைத் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்து, 10 சதவிகிதம் பிடித்துக்கொள்கின்றன. அப்படியானால் அந்தப் பணத்துக்கு நிலையான கழிவு கிடையாது; அதைச் சம்பாதிக்க உண்மையில் ஆன செலவைக் கழிக்கலாம். தாக்கல் செய்யும் படிவமும் வேறாகிவிடும்.

பழைய வரி முறையில் இருப்பவர்கள், ஒரே இன்ஷூரன்ஸ் ரசீதை இரண்டு ஆபீஸிலும் காட்டிக் கழிவு வாங்கினால், இரண்டாவது கழிவு வருஷக் கடைசியில் வரியாகத் திரும்பி வரும்.

இரண்டு சம்பளமும் சிறியவை, கூட்டினாலும் 12 லட்சத்தைத் தாண்டாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வரி பூஜ்யமாகலாம். ஆனால் 2025-26-ல் புதிய முறைப்படி 4 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரி இல்லை என்பதும் கணக்குத் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல.

பிற நாட்டு வழக்கம்

இரண்டு உத்தியோகம் நம் நாட்டில் மட்டும் உள்ளதல்ல. பிரிட்டனில் ஒரு மனிதருக்கு வரியில்லாத தொகை 2025-26-ல் 12,570 பவுன். வழக்கமாக அது முழுவதையும் முதல் வேலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது சம்பளத்தில் பெரும்பாலும் முதல் பவுனிலிருந்தே 20 சதவிகிதம் பிடித்துவிடுவார்கள். ஜெர்மனியில் சம்பளக்காரரை ஆறு வரி வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாவது வேலைக்கு ஆறாம் வகுப்பு. அதில் அடிப்படை விலக்கு கிடையாது, பிடித்தம் கடுமை. அதிகமாகப் பிடித்திருந்தால், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அங்கே முன்னால் அதிகம் பிடித்துப் பின்னால் திருப்பித் தருகிறார்கள். இங்கே முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வட்டியோடு கேட்கிறார்கள். மாதக் கடைசியில் கை இறுகுவது எவருக்கும் கஷ்டம்தான். ஆனால் செலவழித்துவிட்ட பணத்தை ஒரே நாளில் கொண்டுவா என்றால், அது அதைவிடப் பெரிய கஷ்டம் அல்லவா?

மணிக்கு யார் கணக்கு?

பணக் கணக்கில் பிசகினால் வட்டியோடு போகும். நேரக் கணக்கில் பிசகினால் போவது உடம்பு.

எட்டு மணி நேர வேலை என்பது எளிதில் கிடைத்த உரிமையல்ல. 1919-ல் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டின் முதல் உடன்படிக்கையே, நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் நடந்த முதல் மே தினம் அது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று வரம்பு கட்டியது. நாளைக்கு 9 மணி தாண்டினால் இரட்டைக் கூலி என்றும் விதித்தது. களைத்த உடம்பிடம் வேலை வாங்குவதானால் விலை இரட்டிப்பாக வேண்டும் என்பது அதன் நியாயம்.

இரண்டு உத்தியோகம் பார்ப்பவரிடம் இந்த நியாயம் என்ன ஆகிறது? பகல் வேலை எட்டு மணி முடித்து, மாலை ஆறரை மணிக்கு இரண்டாவது இடத்தில் அவர் நுழைகிறார். அவருடைய உடம்புக்கு அது ஒன்பதாவது மணி. இரண்டாவது முதலாளியின் பதிவேட்டிலோ அது முதல் மணி! உடம்பு ஒன்பதாவது மணிக்கு உழைக்கிறது. கூலி முதல் மணிக்குக் கிடைக்கிறது. ஒரே இடத்தில் தொடர்ந்து செய்திருந்தால் இரட்டிப்பாகியிருக்கும் கூலி, தெருவைக் கடந்து வேறு வாசலில் நுழைந்ததும் ஒற்றையாகிவிடுகிறது.

2023 ஏப்ரல் 21-ந் தேதி, தொழிற்சாலைகளில் நாளைக்கு 12 மணி வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று அதை வாபஸ் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கொண்டாடிய மே தினத்துக்கு அன்றைக்கு வயது நூறு. ஒரு முதலாளியிடம் 12 மணி என்றதும் நாடு விழித்துக்கொண்டது நல்ல காரியம். ஆனால் இரண்டு முதலாளிகளிடம் சேர்த்து அதே 12 மணி உழைப்பவருக்காக யார் குரல் கொடுத்தார்கள்?

பகலில் 8, மாலையில் 4 என்று வாரத்தில் ஆறு நாள் உழைத்தால் 72 மணி ஆகிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் போகும் நேரம் வேறு. பெண்களாயிருந்தால் வீடு திரும்பியதும் அடுப்படி என்ற மூன்றாவது உத்தியோகம் காத்திருக்கிறது. அதற்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்பவர்களைவிட, பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதம் அதிகம் என்று அது சொல்கிறது. இருதய நோயால் சாகும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம். 2016-ல் மட்டும் நீண்ட நேர வேலையால் உலகத்தில் 7,45,000 பேர் இறந்ததாக அதன் மதிப்பு. இருதயம், மணியை முதலாளிவாரியாகப் பிரித்துக் கணக்கு வைப்பதில்லை!

கூட்டிப் பார்க்கும் சட்டங்கள்

இரண்டு இடத்து நேரத்தையும் கூட்டுவது முடியாத காரியமா? முடியும் என்பதற்கு அத்தாட்சிகள் உண்டு. ஜெர்மனியின் 1994-ஆம் ஆண்டு வேலை நேரச் சட்டம், பல முதலாளிகளிடம் செய்யும் நேரத்தையும் கூட்டியே கணக்கிட வேண்டும் என்கிறது. ஜப்பானின் 1947-ஆம் ஆண்டுத் தொழிலாளர் தரச் சட்டத்தின் 38-வது பிரிவு சொல்வதும் அதுதான். பிரிட்டனிலும் 1998 முதல் வாரச் சராசரி 48 மணி என்ற வரம்பு எல்லா வேலைகளையும் சேர்த்துத்தான். வேண்டாம் என்று தொழிலாளி தாமே எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அன்றே இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்ய விடலாகாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60-வது பிரிவு தடுத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கப்பட்ட புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் தொழிற்சாலை, சுரங்கத் தொழிலாளருக்கு இத்தகைய கட்டுப்பாடு உண்டு. தில்லியில் 1954-ல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஒருபடி மேலே போயிற்று. இரண்டு கடையானாலும், கடையும் தொழிற்சாலையுமானாலும், மொத்த நேரம் சட்ட வரம்பைத் தாண்டலாகாது என்று அதன் 9-வது பிரிவு சொல்லிற்று.

எழுதியிருப்பது போதாது, எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். இன்றைய இரண்டாவது வேலை ஆலைச் சங்கோடு நடப்பதல்ல. வீட்டு மேஜையிலும், மோட்டார் சைக்கிளிலும், கைப்பேசியிலும் நடக்கிறது. அங்கே எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை.

மறைவில் ஓய்வு இல்லை

2022 செப்டம்பரில், போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை செய்ததாகக் கண்டுபிடிக்கப்பட்ட 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி அறிவித்தார். நாடெங்கும் அது பேச்சாயிற்று. அதே ஆண்டில், முன்கூட்டி அனுமதி பெற்றால் வெளிவேலை செய்யலாம் என்று சொன்ன கம்பெனிகளும் இருந்தன.

போட்டிக் கம்பெனிக்கு ரகசியத்தை எடுத்துக்கொண்டு போவது துரோகம். அதை யாரும் ஆதரிக்க முடியாது. சர்க்கார் உத்தியோகஸ்தர் அனுமதியில்லாமல் வேறு உத்தியோகம் பார்க்கலாகாது என்பதும் நியாயமான விதிதான். ஆனால் டியூஷன் சொல்லிக் கொடுப்பதையும் கணக்கு எழுதுவதையும் அதே தராசில் நிறுக்கலாமா? இரண்டாவது வேலை என்றாலே வேலைநீக்கம் என்று பயமுறுத்தினால், வேலை நிற்காது; மறைந்து நடக்கும். மறைத்துச் செய்கிற வேலைக்கு ஓய்வு கேட்க முடியாது. களைப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூட முடியாது. சம்பள விவரப் படிவத்தை நீட்டவும் கை வராது. ஆகவே, வரிச் சிக்கலுக்கும் உடல் நலிவுக்கும் மூலகாரணம் ஒன்றே: வெளியே சொல்ல முடியாத நிலை.

முதலாளிகள் செய்யவேண்டியது, எது கூடாது என்பதை வேலை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவிட்டு, மற்றதற்கு அனுமதி கொடுப்பதாகும். ஆளை வேலைக்கு எடுக்கும்போதே "வேறெங்கும் வேலை செய்கிறீர்களா? எத்தனை மணி நேரம்?" என்று கேட்கட்டும். தண்டிக்க அல்ல, கூட்டிப் பார்க்க.

சர்க்காருக்கும் கடமை உண்டு. பான் எண் ஒருவருக்கு ஒன்று. பிராவிடண்ட் பண்டில் யு.ஏ.என். எண்ணும் ஒருவருக்கு ஒன்று. ஒரே எண்ணில் இரண்டு சம்பளம் வருவதைக் கண்டதும், "உமக்கு வரி வரக்கூடும்" என்று ஆண்டு முடியும் முன்னே ஒரு செய்தி அனுப்பினால் எத்தனையோ பேருக்கு வட்டி மிச்சமாகும். பணத்தைத் தேடிப் பிடிக்கும் அந்த எண்கள், வேலை நேரத்தை எண்ணவும் உதவலாகாதா? இரண்டு இடத்தையும் சேர்த்து வாரத்துக்கு ஒரு நாள் முழு விடுமுறை என்ற ஒரு விதியிலாவது தொடங்கலாம்.

அது வரும் வரையில், இரண்டு வேலை பார்ப்பவர் தமக்குத் தாமே கணக்கப்பிள்ளையாக இருக்க வேண்டியதுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போதும். ஒன்றில் அந்த மாதம் கையில் வந்த சம்பளம். மற்றொன்றில் உழைத்த மணி. முதல் பத்தியைப் பார்த்து வரிக்கு எடுத்து வைக்கலாம். இரண்டாவது பத்தி வாரத்துக்கு 55-ஐத் தாண்டுமானால், வரும் காசில் எவ்வளவு நாளைக்கு வைத்தியருக்குப் போகும் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

இரண்டு சம்பளத்தையும் ஒரே மனிதருடையது என்று அறிந்து வரி கேட்கும் அரசு, இரண்டு வேலையையும் ஒரே உடம்புதான் செய்கிறது என்பதையும் அறிய வேண்டும். வரி விஷயத்தில் காட்டும் அந்தக் கண்டிப்பில் பாதியை ஓய்வு விஷயத்தில் காட்டினால் போதும். உழைக்கிறவர்கள் அதை நன்றியோடு ஏற்பார்கள்.